தலைக்கு மேலே பாருங்கள்: பனிமலையில் பனிச்சரிவு வரும் இடத்தைக் கண்டுகொள்வது எப்படி

கனடாவின் கால்கரிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ராக்கி மலைப் பாதை ஒன்றில் நடக்கப் போனோம். இரண்டு பக்கமும் அடர்ந்த ஊசியிலைக் காடு. ஓரிடத்தில் மட்டும் மரமே இல்லாமல் நல்ல திறந்தவெளி. வெயிலும் விழுந்தது. அங்கேயே பையை இறக்கி, கொண்டுபோன தக்காளி சாதத்தைச் சாப்பிட்டோம். பிள்ளைகள் பனியில் உருண்டு விளையாடினார்கள். முக்கால் மணி நேரம் இருந்திருப்போம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் பயிற்றுநர் ஒரு படத்தைத் திரையில் போட்டார். காட்டின் நடுவே, தலையில் வகிடு எடுத்ததுபோல், மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை மரமில்லாத ஒரு பட்டை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டது அப்படிப்பட்ட ஒரு பட்டையின் அடியில்தான். பனிச்சரிவு அடிக்கடி இறங்கி மரங்களை வழித்துக்கொண்டு போகும் தடம் அது. சுற்றிலும் காடாக இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் மரம் இல்லை என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

புதிதாகப் பனிமலைக்குப் போகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பான்ஃப், லேக் லூயிஸ், கனனாஸ்கிஸ் பக்கம் குளிர்காலத்தில் நடக்கவோ ஸ்கீ (பனிச்சறுக்கு) செய்யவோ போகும் தமிழ்க் குடும்பங்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது, கூடவே பயமாகவும் இருக்கிறது. ஸ்கீ மையங்களின் எல்லைக்குள் பனிச்சரிவைக் கவனிக்கத் தனி ஊழியர்கள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது நீங்கள்தான்.

ஏன் முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும்

பனியைப் படிப்பது கடினம். நேற்று பெய்தது, போன வாரக் காற்றில் அடித்து வந்தது, நவம்பரில் பெய்து அடியில் கிடப்பது என்று அது அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொரு நாளும் மாறும். அதைச் சரியாகப் படிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். நிலம் அப்படியில்லை. இன்று 35 டிகிரி சாய்வாக இருக்கும் சரிவு அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். பனிச்சரிவு எங்கே வரக்கூடும் என்பதைப் புதியவர் ஒருவர் சில வாரங்களிலேயே கற்றுக்கொள்ள முடியும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் ரோஜர்ஸ் பாஸ் என்ற கணவாய் இருக்கிறது. 1910 மார்ச் 4 அன்று, அங்கே சீயாப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனிச்சரிவு ரயில் தண்டவாளத்தை மூடியது. பனியை அள்ளத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் அள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியத் தொழிலாளர்கள். கடைசியில் ரயில்வே நிறுவனம் மலையைக் குடைந்து, 1916-ல் பாதையைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனது.

2003 பிப்ரவரி 1 அன்று, அதே சீயாப்ஸ் மலைக்குக் கீழே, கானாட் ஓடைப் பள்ளத்தாக்கில் ஸ்கீயில் போய்க்கொண்டிருந்த ஒரு பள்ளிக் குழுவின்மேல் பனிச்சரிவு விழுந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் எந்தச் செங்குத்துச் சரிவிலும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. பள்ளத்தாக்கின் அடியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பனியைக் கிளப்பிவிட்டதும் அவர்கள் அல்ல, மேலே அது தானாகக் கிளம்பியது. இரண்டு விபத்துக்கும் இடையே 93 ஆண்டுகள், மலை அதே மலை. காலுக்குக் கீழே தரை மட்டமாக இருப்பதால் மட்டும் ஓரிடம் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பலகையும் ரவையும்

நம்மில் பலர் பனிச்சரிவு என்ற சொல்லைச் செய்தியில் அதிகம் கேட்டது 2016 பிப்ரவரியில். சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிக்குள் புதைந்து இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மேலிருந்து பெரிய பனித்திரள் ஒன்று இடிந்து விழும் என்ற எண்ணம்தான் அப்போது நம் மனத்தில் பதிந்தது. ராக்கி மலையில் நடப்பவரையும் ஸ்கீ செய்பவரையும் கொல்வது பெரும்பாலும் வேறு வகை: பலகைச் சரிவு.

ஒரு சாய்வான பலகைமேல் ரவையைப் பரப்பி, அதன்மேல் இன்னொரு பலகையை வையுங்கள். மேல்பலகை கொஞ்ச நேரம் நிற்கும். ஓரத்தில் ஒரு விரலால் அழுத்தினால் ரவை உருண்டு, பலகை மொத்தமாக வழுக்கி இறங்கும். மலையில் நடப்பதும் அதுதான். ராக்கி மலையின் கிழக்குப் பகுதியில் முன்குளிர்காலத்தில் பனி மெல்லியதாக இருக்கும், குளிரோ கடுமையாக இருக்கும். தரையோரம் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், மேலே காற்றில் மைனஸ் 20. இந்த வேறுபாட்டால் அடிப்பனியின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்க வராது, ரவைபோல உதிரும். அதன்மேல் பிறகு பெய்ததும் காற்று கொண்டுவந்து குவித்ததும் இறுகிப் பலகையாகிறது. அடியில் இருக்கும் பரல் அடுக்கு வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் கூட, பலவீனமாகவே கிடக்கும்.

50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் உள்ள சிறிய பலகை என்றே வைத்துக்கொள்வோம். கனமீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கிட்டால் அதன் எடை 250 டன். அது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எளிதாக எட்டும். நின்றதும் சிமென்ட்போல இறுகிவிடும், உள்ளே இருப்பவரால் விரலை அசைக்க முடியாது. புதைந்தவரை முதல் 10 முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று விழுகிறது. ஹெலிகாப்டர் வந்து சேரும் நேரம் அல்ல அது. கனடாவில் இறந்தவர்களை ஆராய்ந்ததில் நாலில் ஒருவர் போல மூச்சுத் திணறி அல்ல, மரத்திலும் பாறையிலும் மோதித்தான் இறந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆகவே மாட்டிக்கொண்டபின் தப்புவதை விட மாட்டாமல் இருப்பதுதான் நாம் கற்க வேண்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பனிச்சரிவில் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவரோ அவரோடு வந்தவரோதான். அதாவது, பெரும்பாலும் இது விதி அல்ல, இடத் தேர்வு.

படி 1: வீட்டில், வரைபடத்தோடு

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பலகைச் சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் கிளம்புகிறது. மிக அதிகமாகக் கிளம்புவது 38 டிகிரியை ஒட்டி. 30-க்குக் கீழே பனி வழுக்குவது அரிது. 50-க்கு மேலே பனி தங்காமல் சிறிது சிறிதாக அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஆகவே 30 என்ற எண்ணை மனத்தில் நிறுத்துங்கள். வீட்டு மாடிப்படிகள் பொதுவாக 30-லிருந்து 37 டிகிரி வரை இருக்கும். நாம் தினமும் ஏறி இறங்கும் மாடிப்படியின் சாய்வுதான் பனிமலையில் ஆபத்தான சாய்வு. பார்த்த மாத்திரத்தில் பயம் தருகிற செங்குத்துப் பாறைமுகம் அல்ல அது. ஸ்கீ செய்ய ஆசை தருகிற, குழந்தைகள் சறுக்கி விளையாட வசதியாகத் தோன்றுகிற சரிவு. புதியவர்கள் ஏமாறுவது இதில்தான்.

கனடாவின் அரசு நிலவரைபடங்கள் 1:50,000 அளவில் வருகின்றன. மலைப்பகுதித் தாள்களில் உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வழக்கமாக 40 மீட்டருக்கு ஒன்று. அந்த வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு இடையே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் சாய்வு 30 டிகிரி. கண்ணால் இதை அளக்க முடியாது. அதனால் தடித்த கோடு ஒன்றிலிருந்து அடுத்த தடித்த கோடு வரை, அதாவது ஐந்து இடைவெளிகளைச் சேர்த்து அளவுகோலால் பாருங்கள். 7 மில்லிமீட்டருக்குள் வந்தால் 30 டிகிரி அல்லது அதற்கு மேல்.

அளவுகோலெல்லாம் வேண்டாம் என்றால் கால்டோப்போ போன்ற இணைய வரைபடத்தில் சாய்வு நிறப்பூச்சைப் போட்டுப் பாருங்கள். 27 டிகிரியில் மஞ்சள் தொடங்கும், 30-ல் ஆரஞ்சு, 35-க்கு மேல் சிவப்பு. நீங்கள் போகப்போகும் பாதையை அதன்மேல் வரைந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். பாதை எங்கேயாவது நிறத்துக்குள் போகிறதா? போகவில்லையென்றால், பாதைக்கு மேலே நிறம் இருக்கிறதா? முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவன்தான்.

இந்த நிறப்பூச்சை முழுதாக நம்பிவிடவும் கூடாது. 40 மீட்டர் கோடுகளுக்கு இடையே 15 மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்துக் கரை முழுதாக ஒளிந்துகொள்ளும். ஒரு ஆளைப் புதைக்க அந்த உயரம் போதும்.

அடுத்து, பாதையின் தரத்தைப் பாருங்கள். 2003 விபத்துக்குப் பிறகு, 2004-ல், தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா நிறுவனம் ஏட்ஸ் என்ற தரப்பிரிவைக் கொண்டுவந்தது. அது பனி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை, நிலத்தை மட்டும் பார்த்து எளியது, சவாலானது, சிக்கலானது என்று பிரிக்கிறது. இப்போது அதை விரித்து, பனிச்சரிவே வராத நிலம் என்று ஒரு பிரிவை ஒரு முனையிலும், மிகத் தீவிரமானது என்று ஒன்றை மறுமுனையிலும் சேர்த்திருக்கிறார்கள். ராக்கி மலையின் பெயர்பெற்ற குளிர்காலப் பாதைகள் பலவற்றுக்கு இந்தத் தரம் இணையத்தில் கிடைக்கிறது. முதல் ஒன்றிரண்டு குளிர்காலங்களுக்கு எளியது என்ற பிரிவைத் தாண்ட வேண்டாம். பெற்றோர் இல்லாமல் சிறுவர்களை அழைத்துப் போகும் குழுக்களைத் தேசியப் பூங்காக்களே கட்டுப்படுத்துகின்றன என்றால், நம் பிள்ளைகளை நாமே அழைத்துப் போகும்போதும் அந்தக் கவனம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கோடையில் போன பாதை என்பதால் குளிர்காலத்திலும் போகலாம் என்று நினைக்காதீர்கள். லேக் லூயிஸ் ஏரியின் பின்னாலிருந்து ஆறு பனிப்பாறைச் சமவெளிக்குப் போகும் பாதையும், ஏக்னஸ் ஏரித் தேநீர்க்கடைக்கு ஏறும் பாதையும் கோடையில் கூட்டம் நிரம்பி வழியும். குளிர்காலத்தில் இரண்டுமே பனிச்சரிவு விழும் இடங்கள் வழியாகப் போகின்றன.

படி 2: அன்றைய அறிக்கை

தேசியப் பூங்காக்களுக்குப் பார்க்ஸ் கனடாவும், மற்ற பல மலைப்பகுதிகளுக்கு அவலாஞ்ச் கனடா என்ற பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பும் பனிக்காலம் முழுக்க அறிக்கை தருகின்றன. அபாயம் 1 முதல் 5 வரை. மரங்களுக்குக் கீழே, மரங்கள் முடியும் உயரத்தில், அதற்கு மேலே மொட்டைமலையில் என்று மூன்று உயரத்துக்கும் தனித்தனி எண்.

எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். 5-க்கு 3 என்றால் பரீட்சை மதிப்பெண்போல நடுத்தரம் என்று தோன்றும். மனிதர் பனிச்சரிவைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம் என்பதே 3-ன் பொருள், அதிகம் பேர் இறப்பதும் அந்த எண்ணில்தான். 4 அல்லது 5 என்றால் பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3 இருந்தால் பனிச்சரிவு நிலத்துக்கே போவதில்லை என்பது எங்கள் வீட்டு விதி. அறிக்கையில் எந்தத் திசை பார்த்த சரிவுகள், என்ன வகைச் சிக்கல் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்து, உங்கள் பாதைக்கு மேலே இருக்கும் சரிவு எந்தத் திசை பார்த்தது என்று வரைபடத்தில் ஒப்பிடுங்கள்.

கோடையில் அறிக்கை வராது, ஆனால் உயரத்தில் பனி இருக்கும். 1955 ஜூலையில் டெம்பிள் மலையில் அமெரிக்கச் சிறுவர்கள் ஏழு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். ஜூலை என்பதை மறுபடி படித்துப் பாருங்கள்.

படி 3: நடக்கத் தொடங்கியதும் மேலே பாருங்கள்

ஒவ்வொரு பனிச்சரிவுத் தடத்துக்கும் மூன்று பகுதிகள் உண்டு: மேலே பனி பிய்ந்து கிளம்பும் இடம், நடுவே அது ஓடும் தடம், கீழே வந்து படியும் இடம். நாம் நடக்கும் பாதைகள் பெரும்பாலும் மூன்றாவதைக் கடக்கின்றன. கிளம்பும் இடம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில், மேகத்துக்குள் மறைந்து இருக்கலாம். கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. அப்போது மரங்களைக் கேளுங்கள், அவை சொல்லும்.

காட்டில் வகிடுபோன்ற பட்டையைப் பற்றி முன்பே சொன்னேன். பட்டையில் மரம் முழுக்க இல்லாமலும் இருக்காது. சுற்றிலும் முதிர்ந்த மரங்கள் நிற்க, அங்கே மட்டும் ஒரே உயரத்தில் இளம் மரங்கள் இருந்தால், சில பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பெரிய சரிவு எல்லாவற்றையும் துடைத்திருக்கிறது. வளைந்து நிமிரும் ஆல்டர், வில்லோ புதர்கள் மட்டும் அடர்ந்திருந்தால் அடிக்கடி சரிவு வருகிறது, புதர் வளைந்துகொடுத்துத் தப்புகிறது. தனித்து நிற்கும் மரங்களின் மேல்சரிவுப் பக்கத்தில் கிளைகள் முறிந்து, கீழ்ப்பக்கக் கிளைகள் மட்டும் கொடிபோல நீட்டிக்கொண்டிருந்தால், பனி எவ்வளவு உயரத்துக்கு அடித்துப் போயிருக்கிறது என்பதையே அந்த மரம் காட்டுகிறது. விழுந்து கிடக்கும் மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். காற்றும் மரத்தைச் சாய்க்கும்தான். ஆனால் மலையடிவாரத்தில் எல்லாமே கீழ்நோக்கிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

மரம் இருந்தாலே பாதுகாப்பு என்பதும் தவறு. ஸ்கீயில் புகுந்து போக முடியாத அளவுக்கு நெருக்கமான காடு என்றால் பனி கிளம்புவது கடினம். வசதியாகப் புகுந்து போகலாம் என்ற இடைவெளி இருந்தால், பனிக்கும் அந்த இடைவெளி போதும். அதோடு, மேலே மொட்டைமலையில் கிளம்பிய சரிவைக் காடு நிறுத்திவிடாது, அது காட்டையே சேர்த்துக்கொண்டு வரும்.

எவ்வளவு தூரத்தில் நின்றால் போதும்? செல்பேசியில் சாய்வு அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்திலிருந்து, பனி கிளம்பக்கூடிய சரிவின் உச்சியை நோக்கிச் செல்பேசியின் விளிம்பைக் குறிபார்த்துக் கோணத்தைப் படியுங்கள். 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரிய பனிச்சரிவுகூடப் பெரும்பாலும் அங்கே வந்து சேராது. 25-க்கு மேல் என்றால் நீங்கள் தடத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு நகருங்கள். இது தோராயக் கணக்குதான், ஆனால் சாப்பாட்டுக்கு உட்கார இடம் தேடும்போது மிகவும் உதவும்.

காரில் போகும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். ராக்கி மலை வழியே போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலையில் பனிச்சரிவுப் பகுதி, நிறுத்தாதீர்கள் என்ற பலகைகள் இருக்கும். அந்தப் பலகைக்கு அருகே படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

படி 4: சாய்வை அளந்து பழகுங்கள்

கண் மதிப்பை நம்ப வேண்டாம். கீழிருந்து பார்த்தால் சரிவு தட்டையாகத் தெரியும், மேலிருந்து பார்த்தால் செங்குத்தாகத் தெரியும். செயலி இருந்தால், ஊன்றுகோலைச் சரிவின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் செல்பேசியின் விளிம்பை வைத்துப் படியுங்கள். குளிரில் செல்பேசி அணைந்துவிட்டால் ஊன்றுகோல் இரண்டே போதும்.

இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். முதல் கோலை, முனை மேல்பக்கமும் கைப்பிடி கீழ்ப்பக்கமும் இருக்கும்படி, தண்ணீர் ஓடி இறங்கும் திசையில் பனிமேல் படுக்கவைத்து அழுத்துங்கள். கோலின் நீளத்துக்கு ஒரு தடம் விழும். இப்போது முனையை அசைக்காமல் கைப்பிடியை மட்டும் தூக்குங்கள். இரண்டாவது கோலின் கைப்பிடியை முதல் கோலின் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்து, இரண்டாவது கோலை நேர் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் முனை பனியைத் தொடும்வரை முதல் கோலை மெல்ல ஏற்றி இறக்குங்கள். தொட்ட இடம் சரியாகத் தடத்தின் கீழ்நுனி என்றால் சாய்வு 30 டிகிரி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் உருவாவதுதான் இதன் சூட்சுமம். முனை கீழ்நுனியைத் தாண்டி இன்னும் கீழே விழுந்தால் 30-ஐ விடச் செங்குத்து, பத்து சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். தடத்துக்குள்ளேயே விழுந்தால் 30-க்குக் குறைவு.

இதை ஆபத்தான சரிவில் போய் நின்று செய்து பார்க்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், பிள்ளைகள் சறுக்கும் சிறு மேட்டில் செய்து பழகுங்கள். பத்து மேடுகளை அளந்தபின் கண்ணுக்கே ஓரளவு மதிப்பு வந்துவிடும். ஆனாலும் மலையில் அளப்பதை விடாதீர்கள்.

படி 5: ஒரே சாய்வில் மோசமான இடங்கள்

30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகள் எல்லாம் ஒன்றல்ல. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டின் மறுபக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து ஒரு பொட்டு விழாத நாளிலும் அந்தப் பக்கம் பனி மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கும். ராக்கி மலையில் மேற்கு, தென்மேற்குக் காற்று அதிகம் என்பதால் கிழக்கு, வடகிழக்குப் பார்த்த சரிவுகளில் கனமான பலகை உருவாகும். முகட்டின் ஓரத்தில் அலைபோல் வெளியே துருத்தி நிற்கும் பனிவிளிம்பு எந்தப் பக்கம் தொங்குகிறதோ, அந்தப் பக்கம் பனி குவிந்திருக்கிறது. அந்த விளிம்பின்மேலும் போகாதீர்கள், அடியிலும் போகாதீர்கள். உடையும்போது நாம் நினைப்பதை விட நன்றாகவே உள்ளே தள்ளி உடையும்.

வெளிப்புறமாகக் குவிந்த சரிவு, அதாவது கவிழ்த்த வாணலிபோல் போகப்போகச் செங்குத்தாகும் சரிவு, மிகவும் ஏமாற்றும். மேலிருந்து இறங்கும்போது முன்னால் இருப்பது தெரியாது. பனிப்பலகை இழுபட்டு நிற்பதும் அந்த வளைவில்தான். அதேபோல, பனி மூடிய பரந்த சரிவில் ஆங்காங்கே பாறை நுனிகள் எட்டிப்பார்க்கும் இடங்களை ஓய்வெடுக்கும் திட்டுகளாக நினைக்க வேண்டாம். அங்கே பனி மெல்லியது, நம் எடை அடியிலிருக்கும் ரவை அடுக்குக்கு நேராகப் போய்ச் சேரும். குளிர்காலத்தின் நடுவில் வெயில் படாத வடக்குப் பக்கங்களில் பலவீனமான அடுக்கு நெடுநாள் ஆறாமல் கிடக்கும். வசந்தத்தில் வெயில் ஏறியதும் தெற்குப் பக்கங்கள் ஈரமாகி இறங்கத் தொடங்கும்.

படி 6: விழுந்தால் எங்கே கொண்டுபோகும்

சரிவைப் பார்த்ததும் அதன் அடியையும் பாருங்கள். இடுப்பளவு பனி மட்டும் இறங்கினாலும், அடியில் குறுகிய ஓடைப்பள்ளம் இருந்தால் அத்தனையும் அதற்குள் குவிந்து மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும். சரிவு விரிந்து தட்டையாக முடிந்தால் அதே பனி பரவிப்போகும். பாறை விளிம்பு, அடர்ந்த மரங்கள், உறைந்த ஏரி, சாலைக்காக வெட்டிய கரை என்று கீழே எது இருந்தாலும் சிறிய சரிவும் உயிரெடுக்கும். ஸ்னோஷூவில் போகும் நமக்கு ஓடைப்பள்ளம்தான் முக்கியம், ஏனென்றால் நடக்கச் சுலபம் என்று பாதைகள் அதற்குள்ளேயே போகும்.

பனியே கத்திச் சொல்லும் சில நேரங்கள்

பனியைப் படிப்பது கடினம் என்றேன். ஆனால் சில அறிகுறிகளுக்குப் படிப்பே தேவையில்லை. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனிச்சரிவு விழுந்த தடம். காலை வைக்கும்போது தொம் என்று அடியில் ஏதோ அமுங்கும் ஓசை. காலடியிலிருந்து கோடுபோல் ஓடும் விரிசல். ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டர் அளவுக்குப் புதுப்பனி, அல்லது பலத்த காற்று. திடீரென்று ஏறும் வெப்பம், கூரையிலும் மரத்திலும் சொட்டும் நீர். இவற்றில் ஒன்று கண்டாலும் 30 டிகிரிக் கணக்கையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு, அத்தகைய சரிவுகளிலிருந்தும் அவற்றின் அடியிலிருந்தும் விலகிப் போங்கள். தொம் என்ற அந்த ஓசை மட்டமான இடத்தில் கேட்டாலும் அலட்சியம் வேண்டாம். அமுங்கிய அடுக்கு அங்கிருந்து பக்கத்துச் செங்குத்துச் சரிவு வரை பிளந்துகொண்டு போய், மேலிருப்பதை நம்மேல் கொண்டுவந்து விடும்.

கடந்துதான் ஆக வேண்டும் என்றால்

முதலில், கடந்துதான் ஆக வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் திரும்பிப் போகலாம். அறிக்கை அபாயம் குறைவு என்று சொல்லி, வேறு வழியும் இல்லை என்றால் தடத்தின் அடியை ஒவ்வொருவராகக் கடந்து போங்கள். மற்றவர்கள் அடர்ந்த காட்டுக்குள் நின்று, கடப்பவர் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பின்னால் வருபவருக்காகக் காத்திருக்கவும் கூடாது.

பனிச்சரிவு நிலத்துக்குள் போகும் ஒவ்வொருவரிடமும் டிரான்சீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), புதைந்தவரைக் குத்தித் தேடும் நீண்ட கம்பி, உலோக மண்வாரி மூன்றும் வேண்டும். ஒரு குழுவுக்கு ஒன்று என்பது பயனற்றது, புதைவது அதை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். டிரான்சீவருக்குப் பக்கத்தில் செல்பேசியை வைக்காதீர்கள். சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் சைகை குழம்பும். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயின் பெரும்பகுதியில் செல்பேசித் தொடர்பே கிடையாது, ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்தக் கருவிகளை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். அதற்கு அவலாஞ்ச் கனடாவின் பாடத்திட்டப்படி நடக்கும் ஏஎஸ்டி (பனிச்சரிவுத் திறன் பயிற்சி) முதல்நிலை வகுப்பு இருக்கிறது. வழக்கமாக இரண்டு நாள், ஒரு நாள் மலையிலேயே. நான் எழுதியது அந்த வகுப்புக்குப் போகும்வரை எளிய பாதைகளில் உங்களை நிறுத்தி வைக்கத்தான், அதற்கு மாற்றாக அல்ல.

ஆகஸ்டில் ஒரு பயிற்சி

இதையெல்லாம் கற்றுக்கொள்ளச் சிறந்த காலம் கோடை என்பது என் கருத்து. பனி மூடாதபோது தடங்கள் பச்சையாகத் தெரியும், அடியில் குவிந்த மரக்கட்டைகள் தெரியும், ஓடைப்பள்ளத்தின் ஆழம் தெரியும். குளிர்காலத்தில் போக நினைக்கும் பாதையை ஆகஸ்டில் ஒருமுறை நடந்து, எந்த இடங்களில் வேகமாகக் கடக்க வேண்டும், எங்கே உட்காரலாம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தக்காளி சாதம் சாப்பிட்ட அந்தத் திறந்தவெளிக்கு ஒரு ஆகஸ்டில் மறுபடி போனோம். இடுப்பளவு ஆல்டர் புதருக்குள் தொடையளவு தடித்த மரங்கள் பட்டை உரிந்து, எல்லாமே கீழ்நோக்கித் தலைவைத்துக் கிடந்தன. சின்னவள் அவற்றை எண்ணத் தொடங்கி, முப்பதோடு நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். இப்போதும் குளிர்காலத்தில் அபாயம் 1 என்று இருக்கும் நாளில் அந்த வழியாகப் போவதுண்டு. ஒவ்வொருவராக, பேசாமல், வேகமாகக் கடப்போம். பையைத் திறப்பது அதைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்து, ஸ்கீ நுழையாத அந்த அடர்ந்த காட்டுக்குள் போனபிறகுதான். வெயில் அங்கே விழாது. சாதம் கொஞ்சம் சீக்கிரமே ஆறிவிடும்.